காட்டுப்பன்றிக்கு வைக்கும் குறி: துப்பாக்கியின் தூரக்கண்ணாடியை எவ்வளவு நம்பலாம்?

கரிசல் காட்டில் புரட்டாசி, ஐப்பசியில் விதைத்த மக்காச்சோளம் மார்கழி வாக்கில் பால் பிடிக்கும். சம்சாரிக்குத் தூக்கம் போவதும் அப்போதுதான். காட்டுப்பன்றிக் கூட்டம் இரவில் இறங்கினால் தின்பது கொஞ்சம், சாய்த்து மிதித்துப் போடுவது அதிகம். கடலைக் காட்டில் கேட்கவே வேண்டாம். ஏர் பூட்டி உழுததுபோல் மூக்கால் கிளறிப் போட்டுவிடும்.

விருதுநகர் மாவட்டத்தில் இந்தத் தொல்லை இரண்டு விதமாக இருக்கிறது. மேற்கே ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு வட்டாரங்களில் மலையிலிருந்து பன்றிகள் இறங்குகின்றன. அந்த மலைப்பகுதி 2021-ஆம் ஆண்டு முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமாக உள்ளது. கிழக்கே திருச்சுழி, காரியாபட்டி, அருப்புக்கோட்டை பக்கம் பெரிய மலைக்காடு இல்லை. அங்கே கண்மாய்களிலும் ஓடைகளிலும் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலம் புதர்களே பன்றிக்குப் புகலிடம்.

"சுட்டுத் தள்ளினால்தான் தீரும்" என்ற பேச்சு ஊர்தோறும் இருந்து வந்தது. 2025 ஜனவரியில் தமிழக அரசு இதற்கு ஒரு வரையறை வகுத்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக்கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விடவேண்டும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால், கிராம அளவிலான குழுவின் பரிந்துரைக்குப் பின் வனத்துறைப் பணியாளர்கள் சுடலாம்.

ஆகவே, சம்சாரியின் புஞ்சைக்குள் ரைபிள் வருவதற்கு வழி ஏற்பட்டிருக்கிறது. சுடுபவர் வனத்துறைக்காரர்தான். ஆனால் புஞ்சை நம்முடையது. பக்கத்துப் புஞ்சையில் காவல் இருப்பவர் நம் ஊர்க்காரர். துப்பாக்கியின் மேல் பொருத்தியிருக்கும் தூரக்கண்ணாடியைப் பார்த்ததும் "இது வைத்த குறி தப்பாது" என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அந்த நம்பிக்கை எவ்வளவு சரி என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தூரக்கண்ணாடி என்ன செய்கிறது?

சாதாரணத் துப்பாக்கியில் குறி பார்க்க, பின்னால் ஒரு பள்ளமும் முன்னால் ஒரு முனையும் இருக்கும். பள்ளம், முனை, இலக்கு ஆகிய மூன்றையும் கண் ஒரே நேர்க்கோட்டில் கொண்டுவர வேண்டும். மூன்றும் மூன்று தூரத்தில் இருப்பதால் வயதான கண்ணுக்கு இது சிரமம். ஸ்கோப் என்று சொல்லப்படும் தூரக்கண்ணாடி இந்தச் சிரமத்தைக் குறைக்கிறது. இலக்கும், அதன் மேல் கூட்டல் குறிபோல் தெரியும் கோடும் ஒரே தளத்தில் தெரியும். இலக்கும் பெரிதாகத் தெரியும்.

அமெரிக்காவில் 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரிலேயே துப்பாக்கிக் குழல் அளவுக்கு நீளமான தூரக்கண்ணாடிகளைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். இன்று வருபவை ஒரு முழ நீளத்துக்கும் குறைவானவை. வெளிக்குழாய்க்குள் சிறிய உட்குழாய் ஒன்று உண்டு. ஒரு பக்கம் வில்சுருள் அதைத் தாங்கி நிற்கும். மேலேயும் பக்கவாட்டிலும் இருக்கும் இரண்டு திருகுகள் எதிரே நின்று அதைத் தள்ளும். திருகைத் திருப்பினால் கோடு மேல்கீழாகவோ இடவலமாகவோ நகரும். குண்டு விழும் இடமும் கோடு காட்டும் இடமும் ஒன்றாகும் வரை திருப்புவதே குறி சரிசெய்தல்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. குண்டைச் செலுத்துவது துப்பாக்கிக் குழல். தூரக்கண்ணாடி அதன் மேல் பூட்டிய வேறொரு கருவி. இரண்டும் ஒன்றையொன்று அறியா. ஒரு நாள் ஓரிடத்தில் இரண்டையும் இணக்கிவைத்தோம் என்பதுதான் குறிக்கு ஆதாரம். அந்த இணக்கம் குலைந்தாலும் கண்ணாடி முன்போலவே தெளிவாகத்தான் காட்டும். பன்றி பெரிதாகத் தெரியும், கோடு அதன் மேல் அசையாமல் நிற்கும், குண்டு மட்டும் வேறெங்கோ போகும்.

ஒரு மயிரிழை என்ன செய்யும்?

தூரக்கண்ணாடியை இரண்டு வளையங்கள் துப்பாக்கியோடு பிடித்திருக்கின்றன. வளையங்களுக்கு இடையே 10 செ.மீ. தூரம் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரு வளையம் 0.1 மி.மீ., அதாவது ஏறக்குறைய ஒரு தலைமயிர்க் கனம் விலகினால் போதும். ஆயிரத்தில் ஒரு பங்கு கோணம் மாறிவிடும். 50 மீட்டரில் குண்டு 5 செ.மீ. தள்ளிப் படும், 100 மீட்டரில் 10 செ.மீ. தள்ளிப் படும்.

பன்றி உடனே விழவேண்டுமானால் முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுக்கூட்டில் குண்டு படவேண்டும். அந்த இடம் ஒரு சாணுக்கும் குறைவான அகலம். அதன் நடுவிலிருந்து 10 செ.மீ. தள்ளினால் குண்டு வயிற்றிலோ காலிலோ பட்டுவிடும். அடிபட்ட பன்றி ஓடைப் புதருக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். மறுநாள் விறகுக்கோ ஆடு மேய்க்கவோ போகிறவர் மேல் பாயும். வாயில்லாச் சீவன் நாள்கணக்கில் துடித்துச் சாவதும் நடக்கும். மயிரிழை பிசகுக்கு இத்தனை விலை.

புஞ்சையில் குறியைக் கெடுப்பவை

முதலாவது, திருகு தளர்தல். தூரக்கண்ணாடியின் குறை என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி வளையத் திருகுகளின் குறையே. ஒவ்வொரு முறை சுடும்போதும் துப்பாக்கி பின்னால் உதைக்கிறது. ஜீப்பில் குண்டும் குழியுமான வண்டிப்பாதையில் வரும்போது ஓயாமல் அதிர்கிறது. இரண்டும் சேர்ந்து திருகைச் சிறிது சிறிதாகக் கழற்றும். டிராக்டரில் மரை கழல்வதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, வீழ்ச்சி. சுவரில் சாத்திய துப்பாக்கி சரிந்தாலும், பரணில் ஏறும்போது கண்ணாடி மரத்தில் இடித்தாலும் குறி நகர்ந்திருக்கலாம். வெளியே கீறல்கூட இருக்காது.

மூன்றாவது, வெயில். சித்திரை, வைகாசியில் நிறுத்தி வைத்த வண்டிக்குள் கை வைக்க முடியாத சூடு இருக்கும். கண்ணாடியின் மூட்டுகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் நாளடைவில் அந்தச் சூட்டில் இறுகிப்போகும். மரக் கட்டை பொருத்திய துப்பாக்கியில் வேறொரு சிக்கல் உண்டு. மழைக்காலத்தில் கட்டை ஊறி, கோடையில் சுருங்கும். கட்டை குழலைத் தொட்டு அழுத்தினால் குண்டு போகும் பாதையே மாறும்.

நான்காவது, ஈரம். மார்கழிப் பனியில் கண்ணாடியின் வெளிப்புறம் மங்கினால் துடைத்துவிடலாம். உட்புறம் மங்கினால் ஒன்றும் செய்ய முடியாது. உள்ளே காற்று புகுந்துவிட்டது, அடைப்பு போய்விட்டது என்று பொருள். நல்ல கண்ணாடிகளில் காற்றை வெளியேற்றி உலர்ந்த நைட்ரஜன் வாயுவை நிரப்பி அடைக்கிறார்கள். லுப்போல்டு என்ற அமெரிக்க நிறுவனம் 1940-களின் பிற்பாதியில் இந்த முறையைக் கொண்டுவந்தது. கண்ணாடி மங்கியதால் குறி தவறிய ஒருவரின் எரிச்சலில் பிறந்த முறை என்று அதைப் பற்றிச் சொல்வார்கள்.

ஐந்தாவது, கரிசல் தூசி. கண்ணாடி மேல் படிந்த தூசியைத் தோள் துண்டால் அழுத்தித் துடைத்தால், மணல் துகள் மேல்பூச்சைக் கீறிவிடும். அப்புறம் டார்ச் ஒளியோ நிலா ஒளியோ பட்டால் கண்ணாடி முழுவதும் வெளிறித் தெரியும். முதலில் ஊதித் தட்டி, பிறகே மெல்லிய துணியால் துடைக்க வேண்டும்.

ஆறாவது, மலிவு. விலை குறைந்த கண்ணாடிகளில் உள்ளிருக்கும் வில்சுருள் வலுவில்லாமல் இருக்கும். திருகைத் திருப்பினால் கோடு நகராது. இரண்டு முறை சுட்ட பிறகு திடீரென்று நகரும். சரிசெய்துவிட்டோம் என்று நினைக்கும்போதே குறி மாறிக்கொண்டிருக்கும்.

மாலை மயங்கும் நேரம்

பன்றி வெளிச்சத்தில் வருவதில்லை. பொழுது சாய்ந்த பிறகும், விடிவதற்கு முன்னும்தான் வரும். "அதிகம் பெரிதாக்கினால் நன்றாகத் தெரியும்" என்று நினைப்பது இந்த நேரத்தில் தவறு.

கண்ணாடியில் "3-9×40" என்று எழுதியிருந்தால், மூன்று மடங்கு முதல் ஒன்பது மடங்கு வரை பெரிதாக்கும், முன்கண்ணாடியின் குறுக்களவு 40 மி.மீ. என்று பொருள். 40-ஐ மடங்கால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். ஒன்பது மடங்கில் அது 4.4 மி.மீ.; ஐந்து மடங்கில் 8 மி.மீ. இருட்டில் இளைஞரின் கண்மணி 7 மி.மீ. வரை விரியும், வயதானவருக்கு 5 மி.மீ. அளவில் நின்றுவிடும். ஆக, ஒன்பது மடங்கில் கண்ணுக்குப் போதிய ஒளி வராது. இருட்ட இருட்ட மடங்கைக் குறைக்கத்தான் வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. இத்தகைய கண்ணாடியில் 100 மீட்டரில் மூன்று மடங்கில் சுமார் 10 மீட்டர் அகலம் தெரியும். ஒன்பது மடங்கில் சுமார் 4 மீட்டர்தான் தெரியும். பன்றிக்குப் பத்தடி பக்கத்தில் ஒரு மனிதர் குனிந்து நின்றாலும் சுடுபவர் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் கண்ணாடி வழியே பார்ப்பவர் ஒருவர், வெறுங்கண்ணால் சுற்றிலும் பார்ப்பவர் இன்னொருவர் என்று இருவராவது இருக்க வேண்டும்.

உடற்சூட்டைக் கொண்டு உருவம் காட்டும் கருவிகளும் இப்போது இருக்கின்றன. கும்மிருட்டில் அவை உதவும். ஆனால் அவை காட்டுவது சூடான ஓர் உருவத்தைத்தான். பயிர் பாதி மறைத்தால் கன்றுக்குட்டியா, நாயா, காவலுக்குப் படுத்திருக்கும் ஆளா என்று சொல்லிவிட முடியாது. சந்தேகம் இருந்தால் சுடாமல் விடுவதே சரி.

கண்ணாடிக்குத் தெரிவது குழலுக்குத் தெரியாது

தூரக்கண்ணாடி குழலுக்கு மேலே 4, 5 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. வரப்பின் மேல் துப்பாக்கியைச் சாத்திப் பார்த்தால், கண்ணாடியில் வரப்பைத் தாண்டி பன்றி தெளிவாகத் தெரியும். ஆனால் குழலுக்கு நேரே வரப்பின் மண் இருக்கும். விசையை அழுத்தினால் குண்டு வரப்பில் பட்டுக் கல்லோடு தெறிக்கும். பக்கத்தில் இருப்பவர் கண்ணுக்கு ஆபத்து. சுடுவதற்கு முன் குழலின் முனைக்கு நேரே எதுவும் இல்லையா என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

தப்பிய குண்டு எங்கே போகும்?

ரைபிள் குண்டு சமவெளியில் 2 கிலோமீட்டருக்கு அப்பாலும் செல்லக்கூடியது. கரிசல் பூமி மேடுபள்ளம் இல்லாத வெட்டவெளி. அதிலும் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை பக்கம் புஞ்சைகளுக்கு நடுவேதான் பட்டாசு ஆலைகள் இருக்கின்றன. அறைக்கு அறை இடைவெளி விட்டு, பரந்த நிலத்தில் அவற்றைக் கட்டியிருக்கிறார்கள். அங்கு கையாளும் மருந்துக் கலவை உராய்வுக்கும் அடிக்கும் தீப்பிடிக்கக் கூடியது. வெளியே களத்தில் காயவைத்த சரக்கும் இருக்கும். விடியற்காலையில் தொழிலாளர்களை ஏற்றிவரும் வேன்கள் அதே பாதைகளில் போகின்றன. பன்றி திரும்பும் நேரமும் அதுவே. குறி தவறிய ஒரு குண்டு இந்த மண்ணில் என்ன செய்யும் என்பதைச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

இதற்குப் பரிகாரம் பரண். கணக்கு எளிது. தரையில் நின்று ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து, 40 மீட்டர் தள்ளி நிற்கும் பன்றியின் அரை மீட்டர் உயர நெஞ்சைக் குறிவைத்தால், குண்டு பன்றியைத் தாண்டி 20 மீட்டர் போய்த்தான் மண்ணைத் தொடும். மூன்று மீட்டர் உயரப் பரணிலிருந்து சுட்டால் 8 மீட்டருக்குள் மண்ணில் இறங்கிவிடும். உட்கார்ந்தோ படுத்தோ சுட்டால் குண்டு எங்கே மண்ணைத் தொடும் என்று சொல்லவே முடியாது. பரணுக்கு எதிரே கல்லும் சரளையும் இல்லாத மண்மேடு, கண்மாய்க் கரையின் உட்புறம் போன்ற இடம் அமைந்தால் இன்னும் நல்லது.

பரணிலிருந்து 30, 40 மீட்டரில் சுடுவதாக இருந்தால் பெரிய தூரக்கண்ணாடியே தேவையில்லை. தூரம் குறையக் குறையப் பிசகும் குறையும். பன்றி எந்தத் தடத்தில் வருகிறது, எந்தப் பொந்து வழியாக வேலிக்குள் நுழைகிறது என்பது சம்சாரிக்குத்தான் தெரியும். அந்தத் தடத்தைக் காட்டிக்கொடுப்பது, விலை உயர்ந்த கண்ணாடி செய்யும் உதவியைவிடப் பெரிது.

கேட்கத் தயங்க வேண்டாம்

துப்பாக்கியோடு வரும் பணியாளரிடம் மரியாதையாகச் சில விவரங்களைக் கேட்டுக்கொள்வதில் தவறில்லை. பயிற்சி பெற்றவர் இவற்றை எதிர்பார்ப்பார்.

1. குறியைக் கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள்? சரிபார்த்த பின் துப்பாக்கி நெடுந்தூரம் வண்டியில் வந்ததா, கீழே விழுந்ததா? அப்படியானால் மறுபடி சரிபார்க்க வேண்டும். அதை அவர்கள் தங்கள் பயிற்சிக் களத்தில் செய்வார்கள். நம் புஞ்சையில் அல்ல.

2. காகித இலக்கில் ஒரு குண்டு சரியாகப் பட்டால் போதாது. மூன்று குண்டுகளும் ஒரே இடத்தில் நெருங்கி விழுந்தனவா? எண்ணெய் துடைக்காத குழலில் முதல் குண்டு விலகிப் போகும். புஞ்சையில் கிடைப்பதோ அந்த முதல் குண்டு ஒன்றுதான்.

3. வளையத் திருகுகளின் மேல் அடையாளக் கோடு இருக்கிறதா? திருகுத் தலையிலிருந்து வளையம் வரை நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்துவிட்டால் போதும். கோடு உடைந்திருந்தால் திருகு நகர்ந்திருக்கிறது என்று டார்ச் வெளிச்சத்திலேயே தெரியும்.

4. எந்தத் திசையில் சுடப்போகிறார்கள்? அந்தத் திசையில் உள்ள வீடு, ஆட்டுக்கிடை, பட்டாசு ஆலை, பாதை எல்லாவற்றையும் பகல் வெளிச்சத்திலேயே நாம் காட்டிவிட வேண்டும்.

5. அன்றிரவு சுற்றுப் புஞ்சைகளில் காவலுக்கு ஆள் இல்லை என்பதை உறுதி செய்வது நம் பொறுப்பு. பம்புசெட்டில் இரவு மோட்டார் போட வருகிறவருக்கும் தகவல் சொல்லியிருக்க வேண்டும்.

சொந்தத் துப்பாக்கி வைத்திருப்போர் கவனத்துக்கு

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் பயிர்ப் பாதுகாப்புக்கென உரிமம் உண்டு. அது பெரும்பாலும் குழல் வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கானது. அது போதாது என்று உரிமம் வழங்கும் அதிகாரி கருதினால், வேறு வழுவழுப்புக் குழல் துப்பாக்கிக்கு உரிமம் தரலாம். ஆனால் துப்பாக்கி உரிமம் வேறு, பன்றியைச் சுட அனுமதி வேறு. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 2022-இல் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில் உள்ளது. எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் சுட்டால் சிறைத் தண்டனை உண்டு. கேரளத்தில் 2022 மே மாதம் முதல் உள்ளாட்சித் தலைவர்களின் உத்தரவின்பேரில் உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரர்களும் சுடுகிறார்கள். அதைப் பார்த்து இங்கே துப்பாக்கியைத் தூக்கிவிடக் கூடாது.

தேர்தல் சமயத்தில் காவல் நிலையத்தில் ஒப்படைத்துத் திரும்பப் பெற்ற துப்பாக்கியை அப்படியே பயன்படுத்துவதும் ஆபத்து. மாதக்கணக்கில் சாத்திவைத்த துப்பாக்கிக்குத் துருவும் பிடிக்கும், திருகும் தளரும். உரிமம் உள்ள துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம் காட்டிய பிறகே தொட வேண்டும்.

இளைஞர்கள் சிலர் ஏர்கன் வாங்கி, அதன்மேல் மலிவான தூரக்கண்ணாடி பூட்டிப் பன்றிக்கும் மயிலுக்கும் குறிவைக்கிறார்கள். 0.177 அங்குல ஈயக் குண்டு பன்றியின் தோலைத் தாண்டிக் காயம்தான் செய்யும், கொல்லாது. வில்சுருள் ஏர்கன் பின்னாலும் முன்னாலும் இருமுறை உதறுவதால், அதற்கென்று செய்யாத கண்ணாடி சீக்கிரமே உள்ளே உடைந்துபோகும். மயிலோ தேசியப் பறவை. முதலாம் அட்டவணையில் உள்ளது. பணமும் நஷ்டம், வழக்கும் மிச்சம்.

அவுட்டுக்காய் வைப்பதும், மின்கம்பியிலிருந்து நேரடியாக வேலிக்கு மின்சாரம் கொடுப்பதும் இதைவிடக் கொடியவை. மாட்டின் வாயையும் மனிதரின் உயிரையும் வாங்கிய கண்ணிகள் அவை. சூரியசக்தி மின்வேலி போடுவோரும் 2023-ஆம் ஆண்டு விதிகளின்படி பதிவு செய்தே போடவேண்டும்.

சேதம் ஏற்பட்டால் உடனே படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரக அலுவலகத்திலும் எழுத்து மூலம் மனுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் வாங்கி வைக்கவும். இழப்பீட்டுக்கும் அதுவே ஆதாரம். பன்றியைப் பிடிக்கவோ சுடவோ முடிவெடுக்கவும் அதுவே ஆதாரம்.

தூரக்கண்ணாடி நல்ல கருவிதான். ஆனால் சரிபார்த்த கையை நம்பலாமே தவிர, கண்ணாடியை மட்டும் நம்பக்கூடாது. விதைக்குமுன் முளைப்புத்திறன் பார்ப்பதுபோல, சுடுவதற்குமுன் குறியைப் பார்க்க வேண்டும். பார்க்காத குறியோடு வந்த துப்பாக்கியை அன்றிரவு சுடவிடாமல் திருப்பி அனுப்பினால், போவது பத்துத் தட்டை மக்காச்சோளம்தான். அது மறு வெள்ளாமையில் வந்துவிடும்.